குறையில்லாத கண், கலங்கிய பார்வை: செய்யாற்றங்கரை முதல் எழும்பூர் வரை

எழுத்துப் பலகையின் கடைசி வரிவரை தடையின்றிப் படிக்கிறார். விழித்திரை நலமாக இருக்கிறது. கண்ணழுத்தம் அளவோடு நிற்கிறது. ஆனாலும் வெள்ளைச் சுவரைப் பார்த்தால் அவருக்குப் புள்ளிகள் துடிக்கின்றன. இரவில் விளக்கைச் சுற்றிக் கோடுகள் சிதறுகின்றன. கடந்துபோன பொருளின் உருவம் சிறிது நேரம் கண்முன் தங்கிவிடுகிறது. கண்ணில் குறை காண முடியாமல் பார்வையில் மட்டும் தொல்லை தரும் இந்நிலை இன்று நேற்று வந்ததன்று. காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள பாலாறு, செய்யாற்றுப் பகுதியிலும் அப்பகுதி மக்கள் காலந்தோறும் நாடிச்சென்ற சென்னை, வேலூர் மருத்துவமனைகளிலும் இதைப் புரிந்துகொள்ள நடந்த முயற்சிகளின் தடங்களைத் தொடர்ச்சியாகக் காணலாம்.

இத்தொல்லைகளைப் பற்றிய மிகப் பழைய விரிவான இந்தியப் பதிவு சுசுருத சம்ஹிதையின் உத்தர தந்திரத்தில் இருக்கிறது. கண் நோய்களை 76 என எண்ணும் அந்நூல், திமிரம் என்னும் பார்வை நோயின் தொடக்க நிலையில் நோயாளி எவற்றையெல்லாம் காண்பார் என்று வரிசையாகச் சொல்கிறது: ஈ, கொசு, மயிர், வலை, வட்டம், கொடி, கானல், காதுக் குண்டலம். இவை எதுவும் மருத்துவரின் பார்வைக்குத் தெரிந்தவை அல்ல. நோயாளி சொல்லக் கேட்டு எழுதப்பட்டவை. இன்றைய கண் மருத்துவர் இப்பட்டியலைப் படித்தால், ஈயிலும் மயிரிலும் விழிப்படிக நீர்மத்தில் மிதக்கும் துணுக்குகளை இனங்காண்பார்; கானலும் வட்டமும் வேறு காரணங்களை நினைவூட்டும்.

அதே பகுதியில் இன்னும் கூர்மையான ஒரு குறிப்பு உண்டு. பார்வை முற்றிலும் அழியும் இலிங்கநாசம் என்ற நிலை, உடலின் தோஷங்களால் மட்டுமன்றி வெளிக்காரணங்களாலும் வரலாம் என்று கூறி, அதை நூல் இரண்டாகப் பிரிக்கிறது. ஒன்று காரணம் தெரிந்து வருவது. தலையில் ஏறும் வெப்பம் அதற்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. மற்றது காரணம் புலப்படாதது. தேவர், முனிவர், கந்தர்வர், பெருநாகம் ஆகியோரையோ மிகுந்த ஒளியுடையவற்றையோ கண்டதால் நேர்வது. இந்த இரண்டாம் வகையில் கண் தெளிவாகவே இருக்கும், வைடூரிய நிறத்தோடு மாசற்று விளங்கும் என்கிறது நூல். கண் பளிங்குபோல் இருக்கிறது, பார்வை இல்லை. இந்த முரண்பாட்டை மறைக்காமல் எழுதிவைத்த நேர்மை போற்றத்தக்கது. கந்தர்வரைக் காரணமாக்கியதை இன்றைய வாசகர் ஏற்கத் தேவையில்லை. ஆனால் நோயாளி பொய் சொல்கிறார் என்ற முடிவுக்கு அந்நூல் எங்கும் போகவில்லை. ஒளியுடையவற்றைப் பற்றிச் சொன்னதும் வீணாகவில்லை: சூரியனை நேராக நோக்கியவரின் விழித்திரை நடுவே உண்டாகும் நுண்ணிய காயத்தை இன்றைய கருவிகள் படமெடுத்துக் காட்டுகின்றன.

நூல் காரணம் காணாத இடத்தில் மக்கள் கோயிலை நாடினர். மாகறல், காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் செல்லும் வழியில் செய்யாற்றங்கரையில் இருக்கும் ஊர். திருமாகறலீஸ்வரரும் திரிபுவனநாயகியும் எழுந்தருளியுள்ள இவ்வூர்க் கோயிலைத் திருஞானசம்பந்தர் பாடியிருக்கிறார்; அப்பதிகம் மூன்றாம் திருமுறையில் உள்ளது. இறைவன் அடி சேர்பவரின் தீவினை தீரும் என்ற கருத்து அப்பதிகத்தில் மீண்டும் மீண்டும் வருவதால், நோய் நீங்க வேண்டி அதை ஓதும் வழக்கம் வேரூன்றியது. ராஜேந்திர சோழன் பொன்னிற உடும்பு ஒன்றைக் கண்டு துரத்த, அது புற்றுக்குள் மறைந்து இலிங்கமாக வெளிப்பட்டது என்பது தல வரலாறு. உடும்பீசர் என்ற பெயரும் அதனால் வந்தது. சம்பந்தர் காலம் ராஜேந்திரனுக்கு ஏறத்தாழ நான்கு நூற்றாண்டு முந்தையது. ஆகவே கோயிலின் தொன்மை அந்தக் கதையினும் பழையது. மருந்துக்கு அடங்காத உடல் தொல்லை எதுவானாலும் அதை வினையின் பயனாகக் கொண்டு கோயிலில் முறையிடுவது தொண்டை நாட்டில் நிலைபெற்றிருந்த வழி. கண் நோய் நீங்கக் கண்மலர் என்னும் வெள்ளித் தகட்டுக் கண்களைக் காணிக்கையாகச் செலுத்தும் தமிழ்நாட்டு வழக்கமும் இவ்வழியில் வந்ததே.

காஞ்சியின் பக்தி வரலாற்றில் கண் தனியிடம் பெற்றிருக்கிறது. திருவொற்றியூரில் சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கை மீறிப் புறப்பட்ட சுந்தரர் இரு கண்களின் ஒளியையும் இழந்தார். திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் பெற்று, காஞ்சி ஏகம்பத்தில் இடக்கண்ணும் திருவாரூரில் வலக்கண்ணும் பெற்றார் என்கிறது பெரிய புராண மரபு. காஞ்சிக்கு அருகிலுள்ள கூரத்தில் பிறந்த கூரத்தாழ்வான், ராமானுஜரைக் காப்பதற்காகச் சோழன் அவையில் கண்களை இழந்தவர். பின்னாளில் ராமானுஜர் சொற்படி காஞ்சி வரதரைப் போற்றி வரதராஜ ஸ்தவம் இயற்றினார். சைவம், வைணவம் இரண்டிலும் பார்வை இழப்புக்கான முறையீடு இதே நகரில் வந்து சேர்வதால், கண் தொல்லை உடையோர் காஞ்சியை நாடியதில் வியப்பில்லை.

முறையீட்டோடு மருந்தும் இருந்தது. மாகறலைக் கடந்து ஓடும் செய்யாறு, திருமுக்கூடலில் பாலாற்றோடும் வேகவதியோடும் கலக்கிறது. அங்குள்ள வெங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராஜேந்திர சோழனின் ஆறாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு உள்ளது, காலம் கி.பி. 1068-69 அளவில். கோயிலைச் சேர்ந்த கல்விச்சாலைக்கும் ‘வீரசோழன்’ என்ற பெயருடைய ஆதுலர்சாலைக்கும் நெல்லும் காசும் ஒதுக்கிய விவரம் அதில் இருக்கிறது. அம்மருத்துவமனையில் 15 படுக்கைகள் இருந்தன. ஒரு வைத்தியர், அறுவை செய்பவர் ஒருவர், மருந்துச் செடிகளும் விறகும் கொண்டுவர இருவர், நோயாளிகளைப் பேணப் பெண்கள் இருவர் எனப் பணியாளர் வகுக்கப்பட்டிருந்தனர். ஓராண்டுக்கு இருப்பில் வைக்கவேண்டிய மருந்துகளின் பெயர்களையும் கல்வெட்டு விடாமல் சொல்கிறது. அவற்றுள் விமலை, சுனேத்ரி என்பவை கண்ணுக்குரிய மருந்துகள் எனக் கொள்ளப்படுகின்றன. 15 படுக்கையே உள்ள ஓர் ஊரகச் சாலையில் கண் மருந்து கட்டாய இருப்பில் இருந்திருக்கிறது. கண் நோயாளிகள் அங்கு வந்துகொண்டிருந்தனர் என்று இதிலிருந்து ஊகிக்கலாம். புரையோ புண்ணோ இருந்தவருக்கும், கண் தெளிவாக இருந்து பார்வை மட்டும் தடுமாறியவருக்கும் அந்தச் சாலையில் இதே மருந்துகள்தான் கிடைத்திருக்கக்கூடும்.

சித்த மருத்துவம் இந்த வேறுபாட்டில் சற்று அதிகக் கவனம் செலுத்தியது. அகத்தியர், நாகமுனிவர் பெயர்களில் வழங்கும் நயனவிதி நூல்கள் கண் நோய்களை 96 ஆக விரிக்கின்றன. வளி, அழல், ஐயம் என்ற மூன்றின் மிகுதி குறைவால் அவை வருவதாகக் கொண்டு, கண்ணுக்கு மை தீட்டுவதோடு மூக்கில் நசியம் விடுவதையும் தலைக்குத் தைலம் தேய்ப்பதையும் சிகிச்சையாக வைக்கின்றன. கிராமத்துப் பேச்சில் இம்மரபு இன்றும் வாழ்கிறது. ‘கண்ணுல பூச்சி பறக்குது’, ‘கண்ணைக் கட்டிக்கிட்டு வருது’ என்று ஒருவர் சொன்னால், வீட்டிலுள்ள பெரியவர் அவரது கண்ணை ஆராய்வதில்லை. பித்தம் தலைக்கேறிவிட்டது என்று எண்ணெய் தேய்த்துக் குளிக்கச் சொல்வார். பொன்னாங்கண்ணிக் கீரை சமைக்கச் சொல்வார். மூடிய கண்மேல் நந்தியாவட்டைப் பூவை வைத்துப் படுக்கச் சொல்வார். இவை எந்த அளவுக்கு நோயைத் தீர்த்தன என்பது வேறு கேள்வி. பார்வைத் தொல்லையின் இருப்பிடம் கண்ணாக மட்டும் இருக்கவேண்டியதில்லை, தலையாகவும் இருக்கலாம் என்ற ஊகம் அந்தச் சிகிச்சையில் பொதிந்திருக்கிறது.

1819இல் சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனி கண் மருத்துவமனை ஒன்றைத் தொடங்கியது. லண்டன் மூர்ஃபீல்ட்ஸ் மருத்துவமனைக்கு அடுத்தபடியாக உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனையாகப் போற்றப்படும் அது, பின்னர் எழும்பூருக்கு மாறி இன்று மண்டலக் கண் மருத்துவ நிலையமாக இயங்குகிறது. தொடங்கிய நாளில் அங்கிருந்த மருத்துவருக்கும் திருமுக்கூடல் வைத்தியருக்கும் ஒரு வகையில் வேறுபாடு இல்லை: உயிருள்ள கண்ணின் உள்ளே என்ன இருக்கிறது என்று இருவராலும் பார்க்க முடியாது. வெளியே தெளிவாகத் தெரிந்து பார்வை குன்றிய கண்களையெல்லாம் அக்கால ஐரோப்பிய மருத்துவம் அமோரோசிஸ் என்ற ஒரே பெயரில் அடக்கியது. 1851இல் ஜெர்மன் அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தம் விழிநோக்கிக் கருவியை வெளியிட்டதும் நிலைமை தலைகீழாக மாறியது. விழித்திரை நோய், பார்வை நரம்பின் வீக்கம், கண்ணழுத்தத்தால் குழிந்த நரம்பு முகப்பு என ஒவ்வொன்றாகப் பிரிந்து வெளியே வந்தன. எழும்பூரில் 1904 முதல் 1913 வரை கண்காணிப்பாளராக இருந்த ராபர்ட் ஹென்றி எலியட், கண்ணழுத்த நோய்க்கு 1909இல் வெளியிட்ட துளையிடும் அறுவை முறை உலகெங்கும் பரவியது.

இந்த வெற்றிக்கு ஒரு விலையும் இருந்தது. கருவி காட்டியதே நோய், காட்டாதது நோயன்று என்ற எண்ணம் மெல்ல வலுப்பெற்றது. பழைய நூல்கள் காரணம் தெரியாதது என்று ஒதுக்கிவைத்த இடத்தில், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நரம்புத் தளர்ச்சி, ஹிஸ்டீரியா என்ற முத்திரைகள் வந்து அமர்ந்தன. பெண்கள் மீது அவை அதிகமாகக் குத்தப்பட்டன. நோயாளியின் சொல்லுக்கு இருந்த மதிப்பு குறைந்தது. இது அந்தக் காலத்தின் பெரிய இழப்பு.

அந்தச் சொல்லுக்கு மதிப்பை மீட்டுத் தந்தவர்களில் சிலர் தாங்களே அத்தொல்லையுடன் வாழ்ந்த அறிஞர்கள். இங்கிலாந்தின் அரச வானியலாளர் ஜார்ஜ் ஏரி, தம் பார்வையில் அவ்வப்போது தோன்றி விரிந்து மறையும் வளைந்த ஒளிக்கோட்டை 1865இல் படத்தோடு விவரித்தார்.  அவர் மகனும் மருத்துவருமான ஹியூபர்ட் ஏரி 1870இல் இன்னும் நுட்பமான வண்ணப்படங்களை ராயல் சொசைட்டி இதழில் வெளியிட்டார். நடுப்பார்வைக்கு அருகே ஒரு சிறு மங்கலாகத் தொடங்கி, கோட்டை மதிலின் கோணங்களைப்போல் வளைந்து வளைந்து, விளிம்பில் துடித்தபடி அரைமணி நேரத்துக்குள் பார்வையின் ஓரம்வரை நகர்ந்து மறையும் உருவம் அது. இரு கண்களிலும் ஒரே பக்கத்தில் தோன்றுவதால் அதன் பிறப்பிடம் கண்ணுக்குப் பின்னால் மூளையில் இருக்கவேண்டும் என்று வாதிட முடிந்தது. ஒற்றைத் தலைவலிக்கு முன்னோடியாக வரும் இதைச் சிலர் தலைவலியே இல்லாமலும் காண்கின்றனர்; காரணம் விளங்காமல் கண் மருத்துவரிடம் செல்வோரில் இவர்களும் உண்டு.

மூளையின் பின்பகுதியே பார்வையின் இருப்பிடம் என்பதை ரஷ்ய-ஜப்பானியப் போரில் தலையில் குண்டடிபட்ட வீரர்களை ஆராய்ந்து தத்சுஜி இனோயே 1909இல் வரைபடமாக்கினார். 1941இல் அமெரிக்க உளவியலாளர் கார்ல் லாஷ்லி, தமக்கே தோன்றிய கோணல் உருவம் நகரும் வேகத்தைக் காகிதத்தில் குறித்து, மூளைப் புறணியில் ஏதோ ஒன்று நிமிடத்துக்கு 3 மில்லிமீட்டர் வேகத்தில் பரவுகிறது என்று கணக்கிட்டார். அவரிடம் இருந்தவை காகிதமும் எழுதுகோலும் கடிகாரமும்தான். மூன்றாண்டுகளில், 1944இல், பிரேசில் நாட்டு அரிஸ்டிடீஸ் லியாவோ முயலின் மூளைப் புறணியில் மின்செயல் அடங்கியபடி பரவும் அலையைக் கண்டார். அதன் வேகமும் ஏறத்தாழ அதுவே. தன் பார்வையைத் தானே கவனித்துக் குறித்த ஒருவரின் சொல்லைக் கருவி பின்னாளில் உறுதிசெய்தது. இத்துறையின் வரலாற்றில் இதற்கு இணையான நிகழ்வு அரிது.

தமிழ்நாட்டில் நரம்பியல் சிகிச்சை அடுத்த சில ஆண்டுகளில் வேர்விட்டது. பாலாற்றங்கரை வேலூரில் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் ஜேக்கப் சாண்டி 1949இலும், சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி 1950இலும் நரம்பியல் அறுவைத் துறைகளைத் தொடங்கினர். கண் நலமாக இருந்தும் வண்ண வட்டங்கள் சில விநாடி தோன்றி மறைந்த நோயாளிகளிடம், மூளையின் பின்பகுதியில் எழும் வலிப்பைத் தேட அதன்பின் வழி பிறந்தது. இந்தியாவில் அத்தகைய வலிப்புக்கு நாடாப்புழுவின் இளம்புழுப் பருவம் மூளையில் கட்டியாகத் தங்குவது ஒரு முக்கியக் காரணம். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி. எஸ். ராமச்சந்திரன், பார்வையில் வெற்றிடம் விழும்போது மூளை அதைச் சுற்றியுள்ள வண்ணத்தாலும் கோலத்தாலும் தானே நிரப்பிக்கொள்வதை 1991இல் ரிச்சர்ட் கிரெகரியுடன் சேர்ந்து சோதனையால் காட்டினார். இல்லாததைக் காண்பது பித்தும் அன்று, பேயும் அன்று. பார்க்கும் மூளையின் இயல்பான வேலையே சிலவேளை அப்படி வெளிப்படுகிறது என்ற தெளிவு இத்தகைய ஆய்வுகளால் கிடைத்தது.

காஞ்சி வட்டாரத்தின் நெசவுத் தொழில் இங்கே தனியாகக் கவனிக்கத்தக்கது. குழித்தறியில் அமர்ந்த நெசவாளரின் பார்வை ஒரு முழத் தொலைவிலேயே நாள் முழுதும் நிற்கிறது. பழைய பாவின் நுனியோடு புதிய பாவின் ஆயிரக்கணக்கான இழைகளைக் கைவிரலால் ஒவ்வொன்றாகப் பிணைக்கும் வேலை அதைவிடக் கடுமையானது. நாற்பதைத் தாண்டியவருக்கு வெள்ளெழுத்துக் கண்ணாடி கிடைத்தால் பாதித் தொல்லை தீரும். தீராத மிச்சம் வேறு வகை. பிரிட்டிஷ் ஆய்வாளர் ஆர்னால்ட் வில்கின்சும் உடன் ஆய்வாளர்களும் 1984இல் காட்டியபடி, சில அளவுள்ள கோடுகளை உற்றுப் பார்த்தால் நலமான கண்ணுக்கும் அலையும் வண்ணமும் துடிப்பும் தோன்றும். ஒற்றைத் தலைவலி உடையோருக்கு இது மிகுதி. பார்வைக் கோணத்தில் ஒரு பாகைக்குள் மூன்று இணைக் கோடுகள் அடங்கும் அளவே அதிகத் தொல்லை தருவது. அரை மீட்டர் தொலைவில் அது ஓர் இணைக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் ஆகும். பாவின் தனி இழை இதைவிட மிக நுண்ணியது, ஆகவே அதனால் இவ்விளைவு வராது. வேல்தாரி போன்ற நெருங்கிய பட்டைகளை நெய்யும்போது இந்த அளவு எளிதில் வந்துவிடும். வண்ணக் கோடுகளைச் சில நிமிடம் மாறிமாறிப் பார்த்தபின் கறுப்பு வெள்ளைக் கோடுகளிலும் எதிர்நிறம் சாயலாகத் தெரிவதையும், அது மணிக்கணக்கில் நீடிப்பதையும் செலஸ்ட் மெக்கலா 1965இல் வெளியிட்டார். தறியைவிட்டு எழுந்தபின் நிறம் மாறித் தெரிகிறது என்று ஒரு நெசவாளர் சொன்னால், அதற்குக் கண்ணைப் பழுது சொல்லவும் வேண்டாம், அவர் மனத்தைச் சந்தேகிக்கவும் வேண்டாம்.

இவை எல்லாம் வந்துபோகும் தொல்லைகள். இரவும் பகலும் ஓயாமல், கண்ணை மூடினாலும் நீங்காமல், பார்வை முழுவதும் நுண்புள்ளிகள் துடிக்கும் நிலையை மருத்துவம் அடையாளம் கண்டது மிக அண்மையில்தான். ஒளிபரப்பு நின்றபின் பழைய தொலைக்காட்சித் திரையில் பொரிந்த புள்ளிகளே அதற்கு நெருங்கிய ஒப்புமை. 1995இல் ஒற்றைத் தலைவலி உடைய சிலரிடம் இது முதன்முதலாக மருத்துவ இதழில் விவரிக்கப்பட்டது. ஒற்றைத் தலைவலியின் நீட்சியாகவே நெடுநாள் கருதப்பட்ட இதைத் தனி நோய் என்று 2014இல் கிறிஸ்டோப் ஷாங்கின், பீட்டர் கோட்ஸ்பி முதலியோர் நிறுவினர். மூன்று மாதத்துக்கு மேல் புள்ளிகள் நீடிப்பதோடு, உருவங்கள் தங்குவது, கண்ணின் உள்நிகழ்வுகள் மிகையாகத் தெரிவது, வெளிச்சக் கூச்சம், இரவுப் பார்வைத் தடுமாற்றம் ஆகியவற்றுள் குறைந்தது இரண்டு இருக்கவேண்டும் என்று வரையறுத்தனர். பலருக்குக் காதில் இரைச்சலும் உடன் வருகிறது. மூளையின் பார்வைப் பகுதியை அடுத்த மடிப்பொன்றில் வழக்கத்துக்கு மீறிய செயல்பாடு இருப்பதைக் கதிர்வீச்சுப் படம் காட்டியது. 2018இல் வெளிவந்த சர்வதேசத் தலைவலி வகைப்பாட்டின் பின்னிணைப்பில் இந்நோய் இடம்பெற்றது. பிரிட்டனில் நடந்த ஓர் ஆய்வு மக்களில் சுமார் 2 விழுக்காட்டினருக்கு இது இருப்பதாக மதிப்பிட்டது. முழுமையாகத் தீர்க்கும் மருந்து இதுவரை இல்லை. வண்ணக் கண்ணாடியும் சில நரம்பியல் மருந்துகளும் சிலருக்கு ஓரளவு உதவுகின்றன. பார்வை இழப்பில் இது முடிவதில்லை என்பது நோயாளிக்குத் தெளிவாகச் சொல்லப்படவேண்டிய செய்தி.

எல்லாப் பார்வைத் தொல்லையும் இவ்வாறு தீங்கற்றது என்று எண்ணிவிடக் கூடாது. காசநோய்க்கு உண்ணும் எதாம்பூட்டால் பார்வை நரம்பைத் தாக்கும்போது தொடக்கத்தில் கண்ணின் உட்பகுதி இயல்பாகவே தெரியும். சிவப்பும் பச்சையும் மங்குவதே முதல் குறி. பார்வையின் ஒரு பாதி திடீரென மறைவதும், அதோடு பேச்சுக் குழறலோ கைகால் தளர்ச்சியோ வருவதும் பக்கவாதத்தின் அறிகுறி. அதற்கு அன்றே, அந்த மணி நேரத்திலேயே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். திரை விழுவதுபோன்ற நிழலும் திடீரெனப் பெருகும் மிதக்கும் துணுக்குகளும் விழித்திரை கிழிவதைக் குறிக்கலாம்.

இத்தகைய ஆபத்துக் குறிகள் இல்லாத மற்றவர்களுக்கு வேண்டியது ஒரு குறிப்பேடு. தொல்லை ஒரு கண்ணிலா, இரு கண்ணிலுமா என்பதை ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்து எழுதவேண்டும். எத்தனை நிமிடம் நீடித்தது, நகர்ந்ததா, நிறம் இருந்ததா, தலைவலி தொடர்ந்ததா, என்ன மருந்து உண்கிறார் என்பனவற்றைத் தேதியோடு குறித்து, கண்டதை வரைந்தும் வைக்கவேண்டும். கண் மருத்துவர் குறையில்லை என்று சொன்னபின் அந்தக் குறிப்போடு நரம்பியல் மருத்துவரைப் பார்ப்பதே அடுத்த படி. மாகறல் பகுதியினருக்குக் காஞ்சிபுரம் அரசு மருத்துவமனையும், அங்கிருந்து சென்னையில் எழும்பூர் கண் மருத்துவமனையும், சென்ட்ரல் எதிரிலுள்ள ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையின் நரம்பியல் பிரிவும் கட்டணமின்றித் திறந்திருக்கின்றன.